ஒருவரின் உடல் சான்றாகுமா?

"எதிர்ப்பு சக்தி கூடுவதற்கு என்ன கொடுக்கலாம்?" நோயாளிகளை அழைத்து வருவோர் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுவே. கணவருக்குக் கீமோதெரபி தொடங்கவிருக்கும் மனைவி கேட்கிறார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட மகனின் தாய் கேட்கிறார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பெரியவரும் கேட்கிறார். மூவருக்கும் ஒரே விடை இல்லை. பின்னவர் இருவருக்கும் நாங்கள் தரும் விடை அவர்களைத் திகைக்க வைக்கிறது. உங்களுக்கு எழுதித் தந்திருக்கும் மாத்திரைகள் எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதற்கானவை அல்ல, அடக்குவதற்கானவை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பாற்றலை ஒரு பாத்திரத்தில் இருக்கும் நீரைப்போல நாம் எண்ணிக்கொள்கிறோம். குறைந்தால் ஊற்றலாம், நிறைந்தால் நலம் என்பது அந்த எண்ணம். அண்மைக் காலத்தில் இதே எண்ணத்தை மூலதனமாகக் கொண்டு பொடிகளும் சொட்டு மருந்துகளும் விற்கப்படுவது வாசகர்கள் அறிந்ததே. அதற்கும் மேலே ஒருபடி சென்று, புற்றுநோயாளியின் இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பயிற்றுவித்து மீண்டும் ஏற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளும் பல இலட்சம் ரூபாய்க்கு விலை பேசப்படுகின்றன. "நோபல் பரிசு பெற்ற முறை" என்ற அடைமொழி அவற்றிற்குத் துணையாக நிற்கிறது. அந்த அடைமொழிக்குப் பின்னால் உண்மையான மனிதர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாழ்வை முழுமையாக அறிந்துகொண்டால், அதே அடைமொழியைக் காட்டி நம்மை ஏமாற்றுவது எவருக்கும் எளிதாக இராது என்று நாங்கள் நம்புகிறோம்.

அவர் பெயர் ரால்ஃப் ஸ்டைன்மன். 1943ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிறந்தவர். கியூபெக் மாநிலத்து ஷெர்ப்ரூக் நகரில் அவர் தந்தை கடை நடத்திவந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1968இல் ஹார்வர்டில் மருத்துவப் படிப்பை முடித்து, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி பெற்றபின், 1970இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான்வில் கோன் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இறக்கும்வரை அந்த நிறுவனத்தைவிட்டு நீங்கவில்லை. நோயாளியைப் பார்க்கும் மருத்துவராக வாழ்நாளைக் கழித்திருக்கக்கூடிய ஒருவர், எலியின் மண்ணீரலை அரைத்துக் கண்ணாடியின்மேல் பரப்பிப் பார்க்கும் வேலையைத் தேர்ந்துகொண்டார்.

அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. நம் உடலின் பாதுகாப்பில் இரு அடுக்குகள் உண்டு. ஒன்று, பிறவியிலேயே அமைந்தது. புண்பட்ட இடத்துக்கு உடனே ஓடிவந்து கிருமியை விழுங்கும் செல்கள் அதைச் சேர்ந்தவை. மற்றொன்று, கற்றுக்கொள்வது. குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே படை திரட்டி, பல ஆண்டுகள் நினைவிலும் வைத்திருக்கும் டி செல்களும் பி செல்களும் இரண்டாம் அடுக்கின் உறுப்பினர்கள். இந்த இரண்டாம் அடுக்குக்கு முதல் செய்தியை யார் கொண்டுசெல்கிறார்? கிருமியையும் டி செல்லையும் ஒரு சோதனைக் குழாயில் சேர்த்துவைத்தால் மட்டும் எதுவும் நிகழ்வதில்லை. இடையில் மூன்றாவது செல் ஒன்று தேவைப்பட்டது. அது எது என்பது அன்று தெளிவாக விளங்கவில்லை. விழுங்கும் தொழிலையுடைய மேக்ரோஃபேஜ் என்ற பெருஞ்செல்லே அந்தத் துணைச்செல் என்பது பலருடைய கருத்து. கோனின் ஆய்வகமும் மேக்ரோஃபேஜ் ஆய்வுக்கே பெயர்பெற்றது.

கண்ணாடியில் ஒட்டிய மண்ணீரல் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டைன்மனுக்கு மேக்ரோஃபேஜ் போலில்லாத சில செல்கள் தென்பட்டன. மரம் கிளைவிடுவதுபோல் நாற்புறமும் நீட்சிகளை நீட்டுவதும் மடக்குவதுமாக அவை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. மண்ணீரல் செல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றே அவ்வகையைச் சேர்ந்தது. 1973இல் கோனும் அவரும் சேர்ந்து அதைப் புதியதொரு செல் என்று அறிவித்தனர். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு டெண்ட்ரிட்டிக் செல் என்று பெயரிட்டனர். நாங்கள் இங்கே கிளைச்செல் என்று குறிப்பிடுகிறோம். (மனைவி கிளாடியாவின் பெயரை அந்தச் செல்லுக்குச் சூட்டவும் அவர் எண்ணியதுண்டாம். சூட்டியிருந்தால் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவற்றில் இனியதொரு சொல் கூடியிருக்கும்.)

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிளைவடிவச் செல்களைத் தோலில் 1868ஆம் ஆண்டிலேயே ஒருவர் கண்டிருந்தார். ஜெர்மனியில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ்தான் அவர். வடிவத்தைப் பார்த்து அவற்றை நரம்பைச் சேர்ந்தவை என்று கருதிவிட்டார். நூறாண்டுகளுக்கும் மேலாக நம் தோலுக்குள் காவல் நின்ற செல்களை எல்லாரும் பார்த்தார்கள், அவை செய்யும் வேலை எவருக்கும் தெரியவில்லை.

புதிய செல் என்ற அறிவிப்பை அறிவியலுலகம் மாலையிட்டு வரவேற்கவில்லை. இத்தனை அரிதான ஒன்றுக்கு என்ன பெரிய பணி இருந்துவிடப் போகிறது என்பது பலருடைய எண்ணம். தூய்மையாகப் பிரித்தெடுக்க ஒவ்வொரு முறையும் மிகுந்த பாடுபட வேண்டியிருந்ததால் பிற ஆய்வகங்கள் அந்த வேலையில் இறங்கத் தயங்கின. 1978இல் ஸ்டைன்மன் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். டி செல்களைத் தூண்டுவதில் மேக்ரோஃபேஜ் முதலியவற்றைவிடக் கிளைச்செல்கள் நூறு மடங்கு வலிமையுடையவை என்று அது காட்டியது. அப்போதும் ஐயம் தீரவில்லை. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த காயோ இனாபா போன்ற சிலரே உடன் நின்றனர். எலியின் எலும்பு மச்சையிலிருந்து இச்செல்களை மிகுதியாக வளர்க்கும் வழியை 1992இல் அவர்கள் கண்டபின்தான் மற்றவர்களும் எளிதாக ஆராயத் தொடங்கினர். முதல் அறிவிப்பிலிருந்து எண்ணினால் பத்தொன்பது ஆண்டுகள். நோயாளிகளின் குடும்பத்தாரிடம் "ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும்போது, அந்தச் சொற்றொடர் எத்தனை நீளமானது என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் விளக்குவதில்லை.

இனி அச்செல்லின் பணிக்கு வருவோம். தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும், வெளியுலகம் நம் உடலைத் தொடும் இடங்களிலெல்லாம், கிளைச்செல்கள் விரவிக் கிடக்கின்றன. அகப்படுவதையெல்லாம் சிறிது சிறிதாக உள்ளிழுத்துச் சுவைபார்ப்பதே அவற்றின் வேலை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். புண்ணிடத்தில் கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்ட கிளைச்செல், நிணநீர்ப் பாதை வழியே பயணம்செய்து அந்த நெறிக்கணுவைச் சென்றடைகிறது. அங்கே கூடியிருக்கும் டி செல்களிடம் துணுக்கைக் காட்டுகிறது. அதற்குப் பொருந்தும் டி செல் கிடைத்ததும் அது பல்கிப் பெருகுகிறது. கணு வீங்குவது அதனால்தான். பாட்டிமார் சுண்ணாம்பு தடவிய அந்த நெறிக்கட்டி, உண்மையில் ஒரு படைப்பயிற்சிக் களம்.

ஆனால் ஸ்டைன்மனும் உடன் பணியாற்றியவர்களும் கண்ட செய்திகளுள் நோயாளிகளுக்கு மிக இன்றியமையாததென்று நாங்கள் கருதுவது இதுவன்று. கிளைச்செல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஆபத்தின் அடையாளம் இல்லாத இடத்தில், உடலின் சொந்தப் புரதத்தையோ தீங்கற்ற பொருளையோ எடுத்துச் செல்லும்போது, அதே செல் டி செல்லுக்கு எதிரான கட்டளையைத் தருகிறது. இவர் நம்மவர், தாக்காதே என்பது அக்கட்டளை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவருடைய ஆய்வகம் இந்தப் பொறுத்துக்கொள்ளும் தன்மையை விரிவாக ஆராய்ந்தது. போருக்கு அழைப்பதும் போரை நிறுத்துவதும் ஒரே தூதரின் கையில் இருக்கின்றன என்பது அதன் சாரம்.

இதைப் புரிந்துகொண்டால், கூட்டுவதா குறைப்பதா என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்பது விளங்கும். முடக்குவாதத்தில் எதிர்ப்பாற்றல் சொந்த மூட்டையே தாக்குகிறது. முதல்வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் வந்தவுடன், அதனோடு சேர்ந்து வரும் கொடையாளரின் கிளைச்செல்களே பெறுபவரின் டி செல்களை எழுப்பிவிடுகின்றன. அந்த எழுச்சியை அடக்கத்தான் நாள் தவறாமல் மாத்திரை. அத்தகைய ஒருவருக்கு "எதிர்ப்பு சக்தி கூட்டும்" என்று விற்கப்படுவனவற்றை அன்பினால் கொடுக்க நினைக்கும் குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றே. புட்டியில் எழுதியிருப்பது பொய்யாக இருந்தால் பணம் வீண். மெய்யாக இருந்தாலோ சிறுநீரகமே வீணாகலாம். எதைக் கொடுப்பதாயினும் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

புற்றுநோய்க்கு வருவோம். புற்றுச்செல் நம் சொந்தச் செல்லிலிருந்தே பிறந்தது. ஆகையால் கிளைச்செல்கள் பலவேளைகளில் அதை நம்மவர் என்று கருதிவிடுகின்றன. ஆபத்து மணி அடிப்பதில்லை. அப்படியானால் நோயாளியின் கிளைச்செல்களை வெளியே எடுத்து, அவருடைய கட்டியின் கூறுகளை அவற்றிற்கு ஊட்டி, விழிப்பூட்டித் திருப்பி அனுப்பினால் என்ன? தொண்ணூறுகளிலிருந்து உலகின் பல ஆய்வகங்கள் இம்முயற்சியில் ஈடுபட்டன. அழகான சிந்தனை, ஐயமில்லை. ஆனால் சிந்தனையின் அழகு சிகிச்சையின் பயனுக்கு உத்தரவாதம் ஆகாது. இவ்வகையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக 2010இல் ஒரு சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தது. பரவிவிட்ட ஆண்சுரப்பிப் புற்றுநோய்க்கானது அது. சிப்புலூசெல்-டி என்பது அதன் பெயர். அதனால் நோயாளிகளின் வாழ்நாள் சராசரியாக நான்கு மாதங்கள் நீண்டது. 2010இல் மூன்று தவணைக்கு அதன் விலை 93,000 டாலராக இருந்தது. நான்கு மாதங்களை அற்பமென்று நாங்கள் சொல்லமாட்டோம். மகளின் திருமணத்தைக் கண்ணால் காண நான்கு மாதங்கள் போதும். ஆனால் விளம்பரங்கள் உங்களிடம் பேசுவது நான்கு மாதங்களைப் பற்றியன்று.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்டைன்மன் தாமே நோயாளியானார். கணையப் புற்றுநோய். கண்டறியும்போதே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. அந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை என்பதை அவருக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 64. கிளைச்செல்லைக் கண்டவர், அதன் நுட்பங்களை உலகில் எவரையும்விட நன்கறிந்தவர், அடுத்து என்ன செய்தார் என்பதை வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம்.

முதலில் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிறகு, அந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் ஜெம்சிட்டபின் என்ற கீமோதெரபி மருந்தை ஏற்றுக்கொண்டார். தமது கண்டுபிடிப்பு இருக்கிறதென்று அவற்றை ஒதுக்கவில்லை. இவற்றோடு சேர்த்தே புதிய முயற்சிகள் நடந்தன. அறுவையில் எடுத்த கட்டி பல ஆய்வகங்களுக்குச் சென்றது. தம்முடைய நீண்டகால உடன்பணியாளரும் மருத்துவருமான சாரா ஷ்லெசிங்கர் உள்ளிட்ட நண்பர்களின் துணையோடு ஏறத்தாழ எட்டுச் சோதனைச் சிகிச்சைகளுக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார். அவற்றுள் சில, அவருடைய சொந்தக் கிளைச்செல்களைக் கொண்டு உருவாக்கியவை. இவற்றை ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நோயாளிக்கான ஆய்வாயினும் எழுத்து வடிவில் திட்டம் தயாரித்து, நெறிமுறைக் குழுவிடமும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் முறைப்படி ஒப்புதல் பெற்றே செய்தனர். உலகின் முதன்மையான வல்லுநர், தம் உயிர் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பிறருடைய மேற்பார்வைக்குத் தம்மை உட்படுத்தினார்.

நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தார். அதன் பெரும்பகுதியில் ஆய்வகத்துக்குச் சென்றுவந்தார். 2011 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, இயற்கை எய்தினார். அக்டோபர் 3, திங்கட்கிழமை, ஸ்டாக்ஹோமில் அவ்வாண்டின் மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டது. பரிசில் பாதி ஸ்டைன்மனுக்கு. மறுபாதி, பிறவி எதிர்ப்பாற்றல் எவ்வாறு விழிக்கிறது என்பதைக் கண்ட புரூஸ் பாய்ட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் இருவருக்கும். அறிவித்தவர்களுக்கு அவர் மறைந்த செய்தி தெரியாது. இறந்தவர்க்குப் பரிசு வழங்குவதில்லை என்பது விதி. அவர் உயிரோடிருக்கிறார் என்று நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவாதலால் பரிசு செல்லும் என்று நோபல் அறக்கட்டளை அன்றே தீர்மானித்தது. உலகெங்கும் செய்தித்தாள்கள் இந்தத் துயரத்தை எழுதின. தாமே வடிவமைத்த கிளைச்செல் சிகிச்சையால் அவருடைய வாழ்நாள் நீண்டது என்ற செய்தியும் அன்றே பரவியது. அவருடைய பல்கலைக்கழகத்தின் அறிக்கையிலேயே அக்கூற்று இடம்பெற்றிருந்தது.

எங்கள் கருத்து வேறுபடுவது இவ்விடத்தில்தான். அவ்வாறு நீண்டிருக்கலாம். நீளாமலும் இருந்திருக்கலாம். அறுவை சிகிச்சை, கீமோதெரபி, எட்டு வகைச் சோதனைச் சிகிச்சை ஆகிய அனைத்தையும் ஒரே உடல் பெற்றபின், எது உதவியது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. எச்சிறப்புச் சிகிச்சையும் பெறாமலே நான்கைந்து ஆண்டுகள் வாழும் கணையப் புற்றுநோயாளிகளும் சிலர் இருக்கவே செய்கிறார்கள். ஸ்டைன்மன் அந்தச் சிலருள் ஒருவரா என்பதை அறிய வேண்டுமானால், அவரைப்போன்ற பலருக்கு இச்சிகிச்சையைக் கொடுத்து, பலருக்குக் கொடுக்காமல் இருந்து, இரு பிரிவினரையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒருவரின் வாழ்வு எத்தனை மகத்தானதாயினும், அவர் உடல் ஒரே ஓர் உடல். நோபல் பெற்றவரின் உடலுக்கும் இந்த நியதியில் விலக்கில்லை.

பரிசு எதற்குத் தரப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிளைச்செல்லைக் கண்டதற்கும், கற்றுக்கொள்ளும் எதிர்ப்பாற்றலில் அதன் பங்கைக் காட்டியதற்கும் தரப்பட்டது. எந்தச் சிகிச்சைக்கும் தரப்படவில்லை. ஆகவே "நோபல் பரிசு பெற்ற சிகிச்சை" என்று ஒரு துண்டறிக்கை உங்கள் கைக்கு வருமானால், அதன் முதல் வரியே மெய்யன்று.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு என்பதை அறிவோம். நோயாளியின் மகன் ஒருவர் நேராகவே கேட்கக்கூடும்: "சான்று போதாதென்று தெரிந்துதானே அவரும் போட்டுக்கொண்டார்? அவருக்கு இருந்த உரிமை என் தந்தைக்கு இல்லையா?" இது நியாயமான கேள்வி. எளிய விடையால் இதை மூடிவிட நாங்கள் விரும்பவில்லை. ஸ்டைன்மனுக்குக் கிடைத்த வாய்ப்பு உலகில் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஓர் அழைப்பில் உதவ முன்வரும் வல்லுநர்கள் அவருக்கு இருந்தார்கள். நம் வார்டுகளில் படுத்திருப்போர்க்கு அப்படி எவரும் இல்லை. இது சமமின்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சமமின்மையைப் பல இலட்சம் ரூபாய் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. பணம் கொடுத்து வாங்கும்போது நீங்கள் பெறுவது ஸ்டைன்மன் பெற்றதை அல்ல. அவர் பெற்றது, ஒப்புதலும் கண்காணிப்பும் பதிவும் உள்ள ஆய்வு. ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் அவருடைய இரத்தத்தில் என்ன நிகழ்ந்ததென்று அளந்து எழுதிக்கொண்ட ஆய்வு. விற்பனைக்கு வரும் சிகிச்சையில் இவை இல்லையென்றால், அது உதவியதா என்பது உங்களுக்கும் தெரியப்போவதில்லை, அடுத்த நோயாளிக்கும் தெரியப்போவதில்லை. நிலத்தை விற்ற பணம் மட்டும் கைமாறியிருக்கும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. இத்தகைய சிகிச்சையை நம்பி, பயன் நிறுவப்பட்ட அறுவையையோ கீமோதெரபியையோ நிறுத்திவிடுகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். கீமோதெரபி எதிர்ப்பாற்றலை அழிக்கும், இதுவோ வளர்க்கும் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. ஸ்டைன்மன் கீமோதெரபியை விடவில்லை என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பின் என்னதான் வழி? ஆய்வில் பங்கேற்பதே அந்த மகனுக்குரிய நேர்மையான வழி. "சோதனை எலி" என்ற சொல் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பழைய காலத்துத் தவறுகள் பலவும் அச்சொல்லுக்கு வலுவூட்டின. ஆகவே அச்சம் இயல்பே. ஆயினும் இன்று நிலை வேறு. நம் நாட்டில் மருத்துவ ஆய்வு எதுவாயினும் தொடங்கும் முன்னரே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். அப்பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஆய்வினால் ஊறு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரப்பட வேண்டுமென்று 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. வழக்கமான சிகிச்சைக்கு மேற்பட்டு ஆய்வுக்கென ஆகும் செலவை நோயாளியிடம் வாங்கக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை.

ஆகவே யாரேனும் புதியதொரு செல் சிகிச்சையைப் பற்றிச் சொன்னால், இது நிறுவப்பட்ட சிகிச்சையா, ஆய்வா என்று முதலில் கேளுங்கள். நிறுவப்பட்டது என்றால், எத்தனை பேரை எத்தனை பேரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதங்கள் கூடின என்று கேட்கலாம். ஆய்வு என்றால் பதிவெண்ணைக் கேட்கலாம். ஆய்வென்று சொல்லிக்கொண்டே கட்டணமும் கேட்பாராயின், தயங்காமல் எழுந்துவிடலாம். கேள்வி கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் சினம் கொள்ளமாட்டார்.

எங்கள் துறையைப் பற்றியும் ஒரு சொல். புறநோயாளிப் பிரிவில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு அனுப்பப்படும் குடும்பம் அடுத்து எங்கே போகும்? ஒரு மணிநேரம் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கையைப் பற்றிப் பேசுகிறவரிடம்தான் போகும். அவர் விற்பனையாளராக இருப்பார். வலியைத் தணிக்கவும் மூச்சுத்திணறலைக் குறைக்கவும் எஞ்சிய நாட்களை வீட்டாரோடு கழிக்கவும் செய்யக்கூடியவை ஏராளம் உண்டு. அவற்றைச் சொல்ல நேரம் ஒதுக்காத மருத்துவமனைகள், ஏமாற்றுச் சிகிச்சைகளைப் பற்றிக் குறைகூறுவதில் பொருளில்லை.

எதிர்ப்பாற்றலைக் கொண்டு புற்றுநோயை வெல்லும் முயற்சி வீண் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். டி செல்களுக்குப் போடப்பட்டிருந்த கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகள் சிலவகைப் புற்றுநோய்களின் போக்கையே மாற்றிவிட்டன. 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அந்த வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் சென்றது. அம்மருந்துகள் பல்லாயிரம் பேர் பங்கேற்ற ஒப்பீட்டு ஆய்வுகளின் வழியே வந்தவை. கணையப் புற்றுநோய் மட்டும் பெரும்பாலும் அவற்றிற்கும் பிடிகொடுக்காமல் நிற்கிறது.

அதிலும் ஒரு சிறு அசைவு தெரிகிறது. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில், மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் இருக்கிறது. கணையக் கட்டியை அறுவையில் அகற்றியபின், ஒவ்வொரு நோயாளியின் கட்டிக்கும் தனித்தனியே வடிவமைத்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஒன்றை அங்குள்ள மருத்துவர்கள் சோதித்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்த ஊசி மருந்து உடலுக்குள் தேடிச் செல்வதும் கிளைச்செல்லையே. கீமோதெரபியும் உடன் தரப்பட்டது. ஊசி பெற்ற 16 பேரில் 8 பேருடைய உடலில் கட்டிக்கெதிரான டி செல்கள் தோன்றின. அந்த எட்டுப் பேருக்கு நோய் திரும்புவது தாமதமாயிற்று. 16 பேர் போதாது என்பது அம்மருத்துவர்களுக்கும் தெரியும். ஆகவே 200க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரு பிரிவாகப் பகுத்து, ஒரு பிரிவுக்கு ஊசியோடும் மறுபிரிவுக்கு ஊசியின்றியும் சிகிச்சை தந்து ஒப்பிடும் ஆய்வு தொடங்கப்பட்டது. யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்வதில்லை, நோயாளியும் தேர்வதில்லை. குலுக்கல் முறையே தீர்மானிக்கிறது.